உகாண்டாவின் அகதிச் சுமையை யார் பகிர்வது?

கேள்வி
தென்சூடானிலிருந்தும் காங்கோவிலிருந்தும் தப்பி வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்று, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தந்திருக்கும் உகாண்டாவுக்கு உலக நாடுகள் உண்மையில் எவ்வளவு கைகொடுத்திருக்கின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1
2017 ஜூனில் கம்பாலாவில் ஐ.நா.வும் உகாண்டாவும் சேர்ந்து நடத்திய மாநாட்டில் 200 கோடி டாலர் கோரப்பட்டது. கிடைத்த வாக்குறுதியோ சுமார் 35 கோடி டாலர்தான். 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் உடன்பாடு பொறுப்பைப் பகிரச் சொல்கிறது; ஆனால் அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அடிப்படைக் குறை இதுவே என்பேன்.

மறுமொழி 2
பணத்தின் அளவோடு அது போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். யும்பே மாவட்டத்தின் பிடிபிடி அகதிக் குடியிருப்பில் குடும்பத்துக்கு ஒரு சிறு நிலத்துண்டு தரப்படுகிறது. மண் கல்லாக இருக்கும் இடங்களில் அதை நம்பி ஒரு குடும்பம் வயிறு கழுவ முடியாது. விறகுக்காக மரங்கள் குறையக் குறைய, அதே காட்டை நம்பியிருந்த உள்ளூர்க்காரர்களும் அல்லல்படுகிறார்கள். உதவியில் ஏறத்தாழ 30 விழுக்காடு அவர்களுக்கும் சேர வேண்டும் என்ற உகாண்டாவின் கொள்கை மிக நியாயமானது.

மறுமொழி 3
நண்பர் சொல்வது சரியே. எனினும் அகதிகளின் எண்ணிக்கையை அதிகாரிகள் கூட்டிக் காட்டினார்கள் என்ற புகாருக்குப் பின் 2018இல் நடந்த மறுகணக்கெடுப்பில் 14 லட்சம் என்ற எண்ணிக்கை ஏறத்தாழ 11 லட்சமாகக் குறைந்ததையும் மறைக்கக் கூடாது. கொடையாளர்கள் கணக்குக் கேட்கட்டும். ஆனால் அதிகாரிகளின் முறைகேட்டுக்காக அகதிகளின் உணவுப் பங்கில் கைவைப்பது அநீதி.