ஐஜிசிஎஸ்இ, ஐபி படித்துவிட்டு இங்கேயே காலேஜ் சேர முடியுமா?

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு, சிபிஎஸ்இ. அவள் படிக்கும் பள்ளியில் அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் என்கிற வெளிநாட்டுப் போர்டுப் பிரிவு தொடங்குகிறார்களாம். ஒன்பது, பத்துக்கு அவர்களுடைய ஐஜிசிஎஸ்இ, அதற்கு மேல் பதினொன்று, பன்னிரண்டுக்கு அவர்களுடைய ஏ லெவலோ, ஐபி என்கிற இன்னொரு சர்வதேச டிப்ளமோவோ எடுத்துக்கொள்ளலாம் என்று போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஏசி ஹால், டீ, முந்திரி பிஸ்கட், ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு. மனப்பாடம் கிடையாது, எல்லாம் செய்து பார்த்துப் படிப்பது என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் எழுந்து "இதைப் படித்துவிட்டு கோவையிலோ சென்னையிலோ காலேஜ் சேர முடியுமா" என்று கேட்டதற்கு "கவர்மென்ட் அங்கீகாரம் இருக்கு மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள்.

வெளிநாடு அனுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வீட்டுக்காரர் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறார், ஒரு வருடம் நன்றாகப் போகும், மறு வருடம் கையைக் கடிக்கும். மகள் ஒரு நாள் டாக்டர் என்கிறாள், மறுநாள் டிசைனிங் என்கிறாள். ஃபீஸ் இப்போது கட்டுவதைப்போல மூன்று மடங்கு. மாற்றலாமா, அப்படியே விட்டுவிடலாமா? படிக்கவைத்து முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வேளச்சேரி அப்பா:

அவர்கள் சொன்னது பொய் இல்லைங்க. டெல்லியில் ஏஐயு என்று இருக்கிறது, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், 1925இல் தொடங்கியது. எங்கள் சமயத்தில் அவர்கள்தான் வெளிநாட்டுப் போர்டு படிப்பை நம்ம ஊர் பத்தாவது, பன்னிரண்டாவதுக்குச் சமம் என்று சான்றிதழ் தந்தார்கள். ஐபி டிப்ளமோவும் கேம்பிரிட்ஜும் அந்தக் கணக்கில் வந்துவிடும். ஆனால் அந்த அங்கீகாரம் போர்டுக்கு. உங்கள் மகள் என்னென்ன பாடம் எடுத்தாள், ரிசல்ட் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு யாரும் பொறுப்பு இல்லை, நாங்கள் மாட்டிக்கொண்டது இந்த இரண்டிலும்தான்.

என் மகன் ஐபி. ஆறு பாடம், மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்டு லெவல். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளி, அதுபோக ஒரு நீண்ட கட்டுரைக்கும் டிஓகே (அறிவுக் கோட்பாடு) என்ற பாடத்துக்கும் சேர்த்து 3, ஆக 45. டிப்ளமோ வாங்கக் குறைந்தது 24 வேண்டும். கணக்கில் இரண்டு வகை இருக்கிறது, ஏஏ ஒன்று, ஏஐ ஒன்று. ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு இல்லை, நானும் முதலில் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன்! ஏஏவில் கால்குலஸும் அல்ஜீப்ராவும் ஆழமாக வரும், ஏஐ புள்ளியியல் பக்கம் சாய்ந்தது. பள்ளியில் "புள்ளி நன்றாக ஏறும்" என்று சொல்லி ஏஐ எடுக்கவைத்தார்கள். சும்மா ஒரு சந்தேகத்தில் இரண்டு இன்ஜினியரிங் காலேஜ்களுக்குப் போன் போட்டேன், இரண்டு இடத்திலும் ஏஏதான் வேண்டும் என்றார்கள். நல்ல வேளை, முதல் டெர்ம் முடியவில்லை, மாற்றிக்கொண்டோம். அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால் இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தது தேதி. ஐபி ரிசல்ட் ஜூலை முதல் வாரம். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங் ரேங்க் லிஸ்ட், வருடத்தைப் பொறுத்து, ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் பாதியிலோ வந்துவிடும். எங்கள் வருடத்தில் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே லிஸ்ட் வந்துவிட்டது. கையில் மார்க்கே இல்லாத பையனை எந்த லிஸ்டில் சேர்ப்பார்கள்? பள்ளி கொடுத்த உத்தேச மதிப்பெண்ணை வைத்து ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாக இடம் வாங்கினோம். இப்போது அங்கேதான் படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான், குறை இல்லை. அரசு ஃபீஸில் முடிய வேண்டிய படிப்பு என்று மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கெமிஸ்ட்ரி மிஸ்:

நான் ஐபி, ஏ லெவல் இரண்டும் எடுக்கிறேன், கோவைப் பக்கம். டாக்டர் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஐபியில் பாடங்கள் ஆறு குழுக்களாக இருக்கும்: மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல் பாடங்கள், அறிவியல், கணக்கு, கலை. கலைக்குப் பதில் இன்னொரு அறிவியல் எடுத்துக்கொள்ளலாம். ஆக சாதாரணமாக இரண்டு அறிவியல்தான் வரும். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும், கூடவே இங்கிலீஷ். மூன்றாவது அறிவியல் எடுக்க வேண்டுமானால், நம் நாட்டு மருத்துவப் படிப்புக்கு அது தேவை என்று காட்டி, பள்ளி மூலமாக ஐபி அமைப்பிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர் இருந்தால் இது நடக்கும், புதிதாகத் தொடங்கும் பள்ளியில் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். ஏ லெவலில் இந்தத் தொல்லை இல்லை, மூன்று அறிவியலையும் நேரடியாக எடுக்கலாம். ஆனால் இங்கிலீஷ் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் நீட் வருவது பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. ஐபி தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை போகும். இரண்டும் ஒரே நேரத்தில் தலையில் ஏறும். போதாக்குறைக்கு இரண்டும் வேறு வேறு மாதிரி. நீட் முழுக்க என்சிஇஆர்டி (சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் பாடப்புத்தகம்) வரிகள், நான்கில் ஒன்றை டிக் அடிப்பது. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பழக்கமே இல்லை.

அதற்காகப் படிப்பு மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். போன வருடம் ஒரு பெண் நெல்லிக்காயை வெயிலில், நிழலில், ஃபிரிட்ஜில் என்று மூன்று விதமாக வைத்து வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்று அளந்தாள். அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், ஸ்டார்ச் கருநீலமாக மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். முதல் நாள் நாலு தடவை தாண்டிப் போய்விட்டாள், அழுதாள், ஐந்தாவது தடவை சரியாக நிறுத்தினாள். பிறகு ஏன் எண்கள் ஒத்துவரவில்லை என்று அவளே இரண்டு பக்கம் எழுதினாள். பதினேழு வருடமாக வகுப்பெடுக்கிறேன், மாநிலப் பாடத்திட்டத்தில் இப்படி ஒரு பக்கம் எழுதவைக்க எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை.

கரூர் தம்பி:

மிஸ் சொல்வது சரி, ஆனால் நெல்லிக்காய்க்கு மூன்று மடங்கு ஃபீஸா? 😀

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, நான் ஸ்டேட் போர்டு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். இவ்வளவு நேரான வழி வேறு எந்த மாநிலத்தில் இருக்கிறது? அதை விட்டுவிட்டு டெல்லிக்குச் சான்றிதழ் கேட்டு எழுதுவானேன். இங்கேதான் படிக்கப்போகிறாள், வீட்டு வருமானமும் ஏறி இறங்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் மாற்றவே வேண்டாம்.

இன்னொன்று, புதிது புதிதாக வருவதைக் கண்டு மயங்க வேண்டாம். சிபிஎஸ்இயே 2010இல் ஒரு சர்வதேசப் பாடத்திட்டம் கொண்டுவந்து, சில வருடத்தில் மூடிவிட்டது. அதில் சேர்ந்த எங்கள் சொந்தக்காரப் பிள்ளை பாதியில் திரும்பி வந்தான்.

திருப்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது அறிவியல் விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை, கூட்டத்தில் அறுபது பெற்றோர் இருந்தோம். கரூர் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவள் சமூக அறிவியல் புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிப்பதைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது, அர்த்தம் கேட்டால் விழிக்கிறாள். சரி, டாக்டர் வேண்டாம், டிசைனிங்தான் என்று முடிவானால்?

ஊட்டி மருமகள்:

அப்படியானால் கதையே வேறு தோழி. என் பெண் ஐஜிசிஎஸ்இயும் ஏ லெவலும் முடித்து இப்போது டிசைன் படிக்கிறாள், இந்தியாவில்தான். நிஃப்ட் என்ற ஃபேஷன் டிசைன் கல்லூரி மாதிரி இடங்களில் தனி நுழைவுத் தேர்வு, வரையத் தெரிய வேண்டும், யோசிக்கத் தெரிய வேண்டும், பிசிக்ஸ் கட்-ஆஃப் கேட்பதில்லை. ஏ லெவல் முடித்தவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

தேதிக்கும் ஒரு வழி உண்டு. கேம்பிரிட்ஜில் இந்தியாவுக்கென்றே மார்ச் மாதத் தேர்வு இருக்கிறது, முக்கியமான பாடங்களுக்கு. ரிசல்ட் மே மாதம் கைக்கு வந்துவிடும். மே-ஜூன் தேர்வு எழுதினால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் இங்கே எல்லாக் கதவும் மூடிவிடும். ஏ லெவல் ரிசல்ட் தாளில் கிரேடோடு சதவீத மதிப்பெண்ணும் போட்டிருப்பார்கள், ஏ ஸ்டார் என்றால் 90க்கு மேல். காலேஜ் ஆபீஸில் கிரேடைப் பார்த்து முழிக்கும் கிளார்க்கிடம் அதைக் காட்டித்தான் நான் தப்பித்தேன். பத்தாவதுக்குச் சமம் என்று ஏற்க ஐஜிசிஎஸ்இயில் ஐந்து பாடத்தில் ஏ ஸ்டார் முதல் 'சி' வரைக்குள் கிரேடு வேண்டும், இங்கிலீஷ் கட்டாயம். அதை இப்போதே குறித்துவையுங்கள்.

கரூர் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஐபி இங்கே புதிது இல்லை. இந்தியாவில் முதலில் ஐபி கொண்டுவந்தது நம்ம கொடைக்கானல் பள்ளிதான், 1976இல். அப்போது மிஷனரிப் பிள்ளைகளும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள், வெளிநாட்டுக்கே போனார்கள், பிரச்சினை வரவில்லை. இங்கேயே காலேஜ் சேர நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் உள்ளே வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது.

கெமிஸ்ட்ரி மிஸ்:

ஊட்டி மேடம் சொன்ன மார்ச் தேர்வை உங்கள் பள்ளியில் நடத்தப்போகிறார்களா என்று கேளுங்கள். கூடவே மூன்று அறிவியலுக்கும் தனித்தனி லேப் இருக்கிறதா, பதினொன்றாம் வகுப்புக்கு ஆசிரியர்களை எடுத்துவிட்டார்களா, முதல் பேட்ச் எப்போது வெளியே வரும் என்றும் கேளுங்கள். முதல் பேட்சில் என் பிள்ளையைச் சேர்ப்பேனா என்றால், சேர்க்க மாட்டேன். ஐஜிசிஎஸ்இ மட்டும் முடித்துவிட்டுப் பதினொன்றுக்கு சிபிஎஸ்இயோ ஸ்டேட் போர்டோ திரும்பி வருகிற பிள்ளைகளும் உண்டு. முதல் ஆறு மாதம் கணக்கில் திணறுவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

திருப்பூர்க்காரி:

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டேன் மிஸ். திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை ஸ்லைடு வேண்டாம், வாயால் சொல்லுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடப்போகிறேன்.

வேளச்சேரி அப்பா:

சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மின்னஞ்சலாவது போதும். நாங்கள் அதைச் செய்யவில்லை.