ஸ்டெம் செல் பேட்ச் கிளாம்ப்: சீல் விழுகிறது, செல் நிற்கவில்லை

வணக்கம். வேலூரில், காட்பாடி பக்கம் ஒரு ஆய்வகத்தில் எலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களில் பேட்ச் கிளாம்ப் (நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லில் ஒட்டி அதன் கரண்டை அளப்பது) செய்கிறேன். எலும்பு முறிவில் இவற்றை வைத்துப் பார்க்கும் முன், பொட்டாசியம் சேனல்கள் (செல் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் வழிகள்) எப்படி இயங்குகின்றன என்று அளந்தாக வேண்டும்.

கிகாஓம் சீல், அதாவது குழாய் நுனிக்கும் செல் சவ்வுக்கும் இடையே இறுக்கமான ஒட்டு, நன்றாகவே விழுகிறது. உறிஞ்சிச் சவ்வைத் திறந்ததும் கொஞ்ச நேரம் கரண்ட் அழகாக வரும். அப்புறம் லீக் (கசியும் கரண்ட்) ஏறிக்கொண்டே போய், செல் உப்பிச் செத்துவிடுகிறது. பிப்ரவரியில் இப்படி இல்லை, ஏப்ரல் வெயில் தொடங்கியதிலிருந்துதான்.

மூன்றாவது பாசேஜ் (மூன்றாம் முறை பிரித்து வளர்த்த) செல்கள், பிப்பெட்டின் (அந்தக் கண்ணாடிக் குழாயின்) மின்தடை 3-5 மெகாஓம். உள்ளே பொட்டாசியம் குளுக்கோனேட், பிஎச் 7.2, கரைசல் செறிவு 285 மில்லிஆஸ்மால், செல்லைச் சுற்றியுள்ள வெளிக்கரைசல் 300. கண்ணாடியை மாற்றினேன், நுனியைச் சூட்டில் மழுக்கினேன், கரைசலைப் புதிதாகக் கலந்து வடிகட்டினேன், ட்ரிப்சின் (செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் நொதி) நேரத்தையும் குறைத்தாயிற்று. பலனில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: ஏசி ஓடினால் மேஜை அதிர்கிறது, அதனால் ரெக்கார்டிங்கின்போது நிறுத்திவிடுகிறோம். அறை 34 டிகிரி வரை போகிறது. செல்கள் இருக்கும் தொட்டியில் கரைசல் ஓட்டமும் கிடையாது.

கோடையில் இந்தச் செல்களைப் பதிவு செய்தவர்கள் சொல்லுங்கள்: நான் முதலில் சரிசெய்ய வேண்டியது அறைச் சூட்டையா, தொட்டியில் கரைசல் ஓட்டத்தையா?