போட்டிக்குப் போய் வந்ததும் குதிரைக்குக் காய்ச்சல்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காகிதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ், தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனை முடிவு, தடுப்பூசித் தேதிகள் பதிந்த பாஸ்போர்ட் என ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். நான் கோட்டை விட்டது தண்ணீர்க் குழாயடியில். பக்கத்து லாயத்துக்காரர் தன் வாளிக்குள் ஹோஸை முக்கி நிரப்பிவிட்டு, அப்படியே என்னிடம் நீட்டினார். நானும் நன்றி சொல்லி வாங்கி, என் வாளியில் முக்கினேன்.

திரும்பி வந்த ஆறாம் நாள் என் பெட்டைக் குதிரைக்கு 39.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். வழக்கமாக 38.5-ஐத் தாண்டாது. பயணக் களைப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மற்ற குதிரைகளுக்கு நடுவிலேயே கட்டிவைத்தேன். மூன்று நாளில் மூக்கில் மஞ்சள் சளி, தாடைக்கடியில் எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற, குதிரைக்குக் குதிரை தொற்றும் பாக்டீரியா நோய். அந்த ஹோஸ் முனை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கட்டி உடைந்து சீழ் வந்தபோது அடித்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு குதிரைகளுக்குத் தொற்றிவிட்டது.

மறுமொழி 1

அந்த மூன்று நாளை விட்டுவிட்டீர்களே! இந்த நோயில் காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேற ஆரம்பிக்கும். எங்கள் குதிரையைக் காய்ச்சல் தெரிந்த அன்றே தனியாகப் பிரித்தோம். வேறு எதற்கும் பரவவில்லை. வெளியே போய் வந்த குதிரை எதுவானாலும் மூன்று வாரம் தனி லாயம், தனி வாளி, தனி பிரஷ். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து, கதவில் சாக்பீஸால் எழுதிவிடுவோம்.

அப்புறம், கட்டி ஆறியதும் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொண்டையை ஒட்டிய காற்றுப் பைகளில் கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். அந்தப் பைகளைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2

என் கதை வேறு. பொறுப்பாக இருக்கிறேன் பேர்வழி என்று, சர்வதேசப் போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் இன்ஃப்ளூயன்சா ஊசி போட்டேன். எஃப்இஐ (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி குதிரை வந்து சேர்வதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் போடக் கூடாதாம். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கடைசி ஊசி ஆறு மாதம் 21 நாளைத் தாண்டியிருந்தாலும் இதே கதிதான். காலண்டரில் குறித்து வையுங்கள்.

மறுமொழி 3

2021-இல் ஸ்பெயினின் வலென்சியா போட்டியில் குதிரைகளுக்கு ஹெர்பிஸ் வைரஸ் பரவி, ஐரோப்பாவின் பல நாடுகளில் போட்டிகளையே நிறுத்தினார்களே, அதிலிருந்து நான் தெர்மாமீட்டரைச் சேணப் பெட்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

தொடங்கியவர்

காற்றுப் பைச் சோதனைக்கு நாளை மருத்துவர் வருகிறார். ஹோஸை இப்போது வாளிக்கு ஒரு முழம் மேலே பிடித்துத்தான் நிரப்புகிறேன். பாதித் தண்ணீர் என் காலணியில்தான் விழுகிறது.