கரண்ட் போனாலும் பக்கம் அப்படியே நின்றது: தொலைவிலிருந்து சர்வரில் லாகின் ஆன அனுபவங்கள்

பக்க வடிவமைப்பாளர், வேளச்சேரி

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம் வடியாத வாரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் இரண்டு புத்தகம் அச்சுக்குப் போகவேண்டும். பக்கங்கள் எல்லாம் திருவல்லிக்கேணி ஆபீஸில், மாடியிலுள்ள டெபியன் லினக்ஸ் சர்வரில். அங்கே கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்ததும் தொலைவிலிருந்து அதன் டெஸ்க்டாப்பைத் திறக்க உதவும் எக்ஸ்ஆர்டிபி புரோகிராமைப் போடச் சொல்லி, அதற்கான வாசலான 3389 போர்ட்டை ரூட்டரில் திறக்க வைத்தேன்.

லாகின் பெட்டி வந்தது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. அப்புறம் முழுக் கறுப்புத் திரை. இரண்டு மணி நேரம் அக்கா வீட்டு இன்டர்நெட்டையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சார், சர்வர் மானிட்டர்ல யாராவது லாகின்ல இருக்காங்களா?"

"நான்தாம்மா. ராத்திரி அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்."

ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே யூசர் பெயர். அதே பெயரில் அங்கே ஒரு டெஸ்க்டாப் ஓடும்போது இன்னொன்றைத் திறந்தால் இப்படிக் கறுத்துப்போகும். அவர் லாக் அவுட் செய்த அடுத்த நிமிடமே என் பக்கங்கள் கண்முன் வந்தன. அன்றைக்கே ஆளுக்கொரு பெயர் போட்டுவிட்டோம். க்னோம் என்ற டெஸ்க்டாப் தள்ளாடியதால், எந்த டெஸ்க்டாப் திறக்கவேண்டும் என்று சொல்லும் செஷன் ஃபைலை என் ஹோம் ஃபோல்டரில் எழுதி, இலகுவான எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினேன்.

இதை எழுதக் காரணம் அடுத்த நாள் நடந்தது. முன்னுரையில் "நன்றியுட" வரை அடித்திருந்தேன், அக்கா வீட்டில் கரண்ட் போய் மோடம் அணைந்தது. அரை மணி கழித்து மறுபடி இணைந்தால், "நன்றியுட" என்ற சொல்லின் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது. வேலை நடப்பது சர்வரில், என் லேப்டாப்பில் அதன் படம் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜன்னலை மூடுவது வேறு, லாக் அவுட் வேறு.

தமிழில் அடிப்பவர்களுக்கு ஒன்று: லேப்டாப்பில் கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, தமிழ்99 கீபோர்டை சர்வர் பக்கம் மட்டும் வையுங்கள். இரண்டு பக்கமும் வைத்தால் எழுத்து குழம்பும்.

கல்லூரி லேப் சிஸ்டம் அட்மின்

மேடம், அந்தக் கர்சர் எங்களுக்கு நிற்கவில்லை. பழைய பிசிக்களை வெறும் திரையாக வைத்து, சர்வரின் லாகின் பெட்டியை அவற்றில் காட்டும் எக்ஸ்டிஎம்சிபி என்ற பழைய முறையில் லேப் ஓட்டினோம். முதல் நாள் காலை முழுக்கச் சாம்பல் திரை, நடுவில் எக்ஸ் போட்ட கர்சர். லாகின் பெட்டியே இல்லை. சர்வரில் அதற்கான போர்ட் யுடிபி 177 திறந்திருந்தது. ஆனால் லினக்ஸில் திரையில் படம் காட்டும் எக்ஸ் விஷயத்தில் 'சர்வர்' என்பது நம் மேசையில் இருக்கும் திரைதான். படம் வரைய பெரிய மெஷின்தான் திரும்பி வந்து பிசியின் டிசிபி 6000 போர்ட்டைத் தட்டும். அந்தப் பக்க ஃபயர்வாலை நான் மறந்துவிட்டேன்.

அது சரியானது. பிறகு ஒரு நாள் யாரோ ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிவிட, மாணவர்கள் சேவ் செய்யாத வேலை அத்தனையும் போயிற்று. இணைப்பு அறுந்தால் அதில் ஓடிய புரோகிராமும் சாகும். பாஸ்வேர்டும் மறையாக்கம் இல்லாமல்தான் கேபிளில் போகும். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்த வாரமே, இணைப்பு அறுந்தாலும் டெஸ்க்டாப் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் விஎன்சி-க்கு மாற்றினேன்: முதல் டெஸ்க்டாப் 5901 போர்ட்டில், அடுத்தது 5902-இல். அதன் பழைய பாஸ்வேர்ட் முறை முதல் 8 எழுத்தைத்தான் பார்க்கும் என்பதால் எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கிய இணைப்புப் பாதை) வழியாக மட்டுமே விடுகிறேன்.

அம்பத்தூரிலிருந்து

அக்கா, 3389 இன்னும் வெளியே திறந்திருக்கிறதா? நான் இரண்டு நாள் திறந்து வைத்தேன். லாக் ஃபைல் முழுக்க 'அட்மின்', 'டெஸ்ட்' என்று யார் யாரோ கதவைத் தட்டியிருந்தார்கள். இப்போது வெளியே எஸ்எஸ்ஹெச் மட்டும், அதுவும் பாஸ்வேர்டுக்குப் பதிலான கீ ஃபைல் இருந்தால்தான். ரூட்டரில் வான் (வெளிப்பக்க இன்டர்நெட்) முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், அது பலருக்கும் பொதுவாகப் பகிரப்படும் இணைப்பு; வெளியிலிருந்து போர்ட்டை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டு வேலை செய்யாது. இன்டர்நெட் நிறுவனத்திடம் நமக்கென்று ஒரு பொது ஐபி முகவரி கேட்டு வாங்கவேண்டும்.

பக்க வடிவமைப்பாளர், வேளச்சேரி

திறந்துதான் இருந்தது தம்பி. இதைப் படித்ததும் முதலாளியிடம் சொல்லி மூடவைத்துவிட்டேன். டனல் வழியாகத்தான் இப்போது உள்ளே இருக்கிறேன். பக்கம் அமைக்கும் ஸ்க்ரைபஸ் புரோகிராம் கொஞ்சம்கூடத் திணறவில்லை.