சர்க்கரை மூட்டை கட்டி தட்டி வருகிறது, தப்பு எங்கே?

காவேரிப்பட்டணம் மளிகை:
வணக்கம். நேற்று இறங்கிய 50 கிலோ சர்க்கரை மூட்டைகளில் நாலைந்து கட்டி தட்டி வந்திருக்கின்றன. சாக்கை வெளியே தடவினால் ஈரமே தெரியவில்லை, பிரித்தால் தேங்காய் அளவுக்குக் கட்டி. மொத்த வியாபாரி லாரியைச் சொல்கிறார், லாரிக்காரர் குடோனைச் சொல்கிறார். சணல் சாக்காகக் கேட்டு வாங்கினால் சரியாகுமா?

பாலக்கோட்டுக்காரன்:
ஆலையில் சாக்கு தைக்கும் பக்கம் வேலை பார்த்தவன் நான். சர்க்கரை 40 டிகிரிக்குக் கீழே ஆறாமல் சூடாகவே மூட்டையில் ஏறினால், உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் குளிர்ந்த ஓரத்துக்கு நகரும், அப்புறம் அது காயும்போது பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் வெளியே ஈரம் தெரிவதில்லை. ஆனால் அப்படி நடந்தால் ஒரே லாட்டில் வந்த எல்லா மூட்டையிலும் இருக்கும். சாக்கு மேலே ஆலைப் பெயர், அரவைப் பருவம், பரலின் அளவையும் நிறத்தையும் காட்டும் எஸ்-30 அல்லது எம்-30 என்ற ரகக் குறி எல்லாம் அச்சடித்திருப்பார்கள், அதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆலைமேல் பழி போட முடியாது.

தொப்பூர் லைன்:
முந்தின லோடு என்ன ஏற்றினார்கள் என்று கேளுங்க அண்ணா. லாரியின் அடிப்பலகை ஈரமாக இருந்து, அதன்மேல் தார்ப்பாய் விரிக்காமல் அடுக்கினால் கீழ் அடுக்கு போச்சு. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் அடித்து அடித்து வரும்போது கயிறு தளர்ந்து மேல் தார்ப்பாய் விலகும், மழை ஒரு மூலையில் மட்டும் இறங்கும். இன்னொன்று, லோடுமேன்கள் கொக்கி போட்டு இழுத்தால் உள் பிளாஸ்டிக் பை கிழியும், அந்த ஓட்டை போதும். இறக்கும்போது கூடவே நில்லுங்க, கொக்கி வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்க.

போச்சம்பள்ளி மாங்கூழ்:
சணல் சாக்கு இதற்கு மருந்து இல்லை. சணல் சாக்கைக் கட்டாயமாக்கும் 1987 சட்டப்படி ஆலைகள் ஒரு பங்கு சர்க்கரையைச் சணல் சாக்கில் அடைத்தே ஆக வேண்டும், அதனால்தான் அது கடைக்கு வருகிறது. உள் பை இல்லாத சணல் மழைக்காற்றை நேராக உள்ளே விடும். மாங்கூழில் சேர்க்க நாங்கள் உள் பை போட்ட பிளாஸ்டிக் சாக்குதான் கேட்டு வாங்குகிறோம், சணல் நார் பாகில் விழுந்தால் வடிகட்டியே மாளாது. மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். சிமெண்ட் தரையில் நேரே வைத்தால் நல்ல மூட்டையும் இறுகிவிடும்.

காவேரிப்பட்டணம் மளிகை:
பார்த்துவிட்டேன். எல்லாம் ஒரே லாட்தான், கட்டி இருப்பவை அடியில் வந்த மூட்டைகள், அதுவும் கீழ்ப்பக்கம் மட்டும். அடுத்த லோடுக்குப் பலகையைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். நன்றி அண்ணா.