ஆசையை வைத்துக்கொண்டே ஓதலாமா?

வணக்கம். ஜப்பானிய பௌத்தத் துறவி நிச்சிரென் 1253இல் தொடங்கிவைத்த ‘நம் மியோஹோ ரெங்கே கியோ’ மந்திரத்தை என் தங்கை காலையும் மாலையும் ஓதுகிறாள். மனத்தில் நிறுத்துவது ஒன்றே ஒன்று: நல்ல வேலை. வேட்கையே துக்கத்துக்குக் காரணம் என்று புத்தர் போதித்ததாகப் படித்த எனக்கு இது பெருங்குழப்பம். ஆசையை அறுக்க வேண்டாம், அதுவே ஞானத்துக்கு விறகு என்கிறது அந்த மரபு.

பாலி மொழியிலுள்ள பௌத்த சூத்திரம் ஒன்றில், ஆசையால் ஆசையை எப்படி விடுவது என்று ஒரு பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்கிறார். சோலைக்கு வர விரும்பினீர்கள், வந்து சேர்ந்ததும் அந்த விருப்பம் தணிந்துவிட்டதல்லவா என்கிறார் ஆனந்தர். எவ்வளவு அழகான பதில்! ஆனாலும் வேலை கிடைத்தபின் அடுத்த ஆசை முளைக்காதா?

நெடுநாள் ஓதியவர்கள் சொல்லுங்கள்: கேட்டது கிடைக்காதபோது உங்கள் ஓதல் எப்படி மாறியது? அவளருகே உட்கார்ந்து ஓத எனக்கும் மனம் இருக்கிறது. அதற்குமுன் தெளிய விரும்புகிறேன்.