லே பக்கம் பேட்சிங் பிளாண்டுக்குச் சுடுதண்ணி: டீசலை எப்படிப் பாதியாக்குவது?

எண்ணூர்_பட்டறை:
வணக்கம். மணலியில் டேங்க், பைப்பிங் வேலை செய்யும் பட்டறை. லடாக்கில் லே அருகே சுமார் 3500 மீட்டர் உயரத்தில் ஒரு பேட்சிங் பிளாண்டுக்கு (கான்கிரீட் கலக்கும் நிலையம்), குளிர்காலத்தில் கான்கிரீட் போட, சுடுதண்ணி அமைப்பு கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது 200 கிலோவாட் டீசல் ஹாட் வாட்டர் ஜெனரேட்டர் டிசைன். டீசலைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்பது பார்ட்டியின் கேள்வி.

விவரம்: மணிக்கு 20 கன மீட்டர், நாளைக்கு 100. ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 380, ஜல்லியும் மணலும் சேர்த்து 1850, மொத்தத் தண்ணி 165 கிலோ. ஜல்லி, மணலில் ஈரம் 2 சதவீதம். தண்ணி 5 டிகிரியில் வரும். கிரிட் கரண்ட் உண்டு, ஆனால் பிளாண்ட் ஓடுவது 125 கேவிஏ டிஜியில் (டீசல் ஜெனரேட்டர்), மணிக்கு சுமார் 20 லிட்டர் டீசல். எலக்ட்ரிக் ஹீட்டரா, ஹீட் பம்ப்பா, சோலாரா? ஜல்லியையும் சூடாக்க வேண்டுமா?

கலவை_மாதவரம்:
முதலில் ஜல்லியைப் பாருங்கள் சார், தண்ணியை அப்புறம் பார்க்கலாம். இங்கே கோடையில் ஐஸ் போட்டு கான்கிரீட்டைக் குளிர்விக்கிறோமே, அதே ஃபார்முலாதான். கிலோவுக்கு கிலோ பார்த்தால் சிமெண்டும் ஜல்லியும் தண்ணியில் 0.22 பங்கு வெப்பத்தைத்தான் பிடிக்கும்.

ஈரம் 37 கிலோ போக, நீங்கள் ஊற்றும் தண்ணி 128 கிலோ. அது 60 டிகிரி, ஜல்லி 2 டிகிரி, சிமெண்ட் 5 டிகிரி என்றால் கலவை 13.7 டிகிரிக்கு வரும். 300 மி.மீ.க்குக் குறைவான கனத்துக்கு ஊற்றும்போது 13 டிகிரி இருந்தால் போதும், அதற்கு மேல் 900 மி.மீ. வரை 10 போதும். அதாவது ஜல்லி உறையாமல் இருந்தால் சுடுதண்ணி மட்டுமே வேலையை முடித்துவிடும்.

இப்போது ஜல்லியை மைனஸ் 5, சிமெண்டை 0 என்று வைத்து, அந்த 37 கிலோ ஈரம் ஐஸாகிவிட்டது என்று போட்டுப் பாருங்கள். கலவை 4 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோகலோரி வேண்டும். சுடுதண்ணிக்காக எரித்த வெப்பத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த ஐஸை உருக்கவே போய்விடும். உறைந்த கட்டிகள் மிக்ஸரில் முழுசாக உருகாமல் வார்ப்புக்குள் போய், பிறகு உருகிப் பொக்கையாக நிற்கும், அது தனித் தலைவலி.

அதனால் ஜல்லியை மேடை மேல் கொட்டி, கூரை போட்டு, தெற்குப் பக்கம் பாலிதீன் ஷீட் போடச் சொல்லுங்கள். அங்கே காய்கறி வளர்க்கும் கிரீன்ஹவுஸ் மாதிரியேதான். லேயில் குளிர்காலத்திலும் வெயில் நன்றாக அடிக்கும். ராத்திரி கனமான தார்ப்பாய் மூட வேண்டும். ஜல்லித் தொட்டிக்கு (பின்) அடியில் சுடுதண்ணி காயில் ஓட்டினால் போதும். நேரடியாக ஸ்டீம் விட வேண்டாம்: ஈரம் பேட்சுக்குப் பேட்ச் மாறும், ஸ்லம்ப் (கலவையின் இளக்கம்) ஒரே மாதிரி வராது, நிறுத்தியதும் மறுபடி உறையும்.

தண்ணி 60 தாண்டினால் சிமெண்ட் மேல் நேராகப் பட விடாதீர்கள். ஜல்லி, சுடுதண்ணி, கொஞ்சம் சுற்று, பிறகு சிமெண்ட். வரிசை மாறினால் உருண்டை பிடிக்கும், உடனே செட் ஆகும். அட்மிக்சர் (கலவையில் சேர்க்கும் ரசாயனம்) பேரலையும் 5 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும்.

வெப்பக்கணக்கு:
128 லிட்டரை 5லிருந்து 60க்கு ஏற்ற 8.2 கிலோவாட் மணி. மணிக்கு 20 கன மீட்டருக்கு 164 கிலோவாட். நாளைக்கு 820 கிலோவாட் மணி. ஆனால் இதை 5 மணி நேரத்தில் சூடாக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 15 கிலோ லிட்டர் டேங்க் வைத்து 10 மணி நேரத்தில் ஏற்றினால் 82 கிலோவாட் போதும். 100 மி.மீ. ராக்வுல் சுற்றினால், வெளியே மைனஸ் 15 இருந்தாலும், 12 மணி நேரத்தில் ஒரு டிகிரிகூட இறங்காது. மேன்ஹோல், சப்போர்ட் கால், நாசில் (பைப் இணைப்பு) ஆகியவற்றை வெற்று ஸ்டீலாக விட்டால் மட்டும் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

உங்கள் 200 கிலோவாட் டிசைனை அப்படியே அனுப்பாதீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். பர்னரின் டீசல் நாசிலைச் சின்னதாக்காவிட்டால் கரி கக்கும். சின்னதாக்கினால் 130 கிலோவாட் பக்கம் கிடைக்கும். தண்ணியே 88 டிகிரி வாக்கில் கொதிக்கும். பம்ப்பின் சக்ஷன் ஹெட்டும் (தண்ணியை உறிஞ்சி ஏற்றும் உயரம்) சுமார் 3.5 மீட்டர் குறையும், அதனால் பம்ப்பை டேங்க் அடி மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.

எலக்ட்ரிக் ஹீட்டரா, ஹீட் பம்ப்பா என்று கேட்டீர்கள், கார்பன் கணக்கில் பாருங்கள். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டீசல் பாய்லரில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு சுமார் 0.32 கிலோ. ஆக, எலக்ட்ரிக் ஹீட்டர் டீசலைவிட இரண்டு மடங்கு மோசம். ஹீட் பம்ப்பின் சிஓபி (ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கும் வெப்பம்) 2.2 தாண்டினால்தான் லாபமே ஆரம்பிக்கும். மைனஸ் 15ல் காற்றிலிருந்து எடுக்கும் மெஷினுக்கு 2தான் வரும்.

எடுக்க வேண்டியது உங்கள் டிஜியின் வீண் வெப்பம். மணிக்கு 20 லிட்டர் எரித்தால் 200 கிலோவாட் எரிபொருள். இன்ஜினைக் குளிர்விக்கும் ஜாக்கெட் தண்ணியில் அதில் கால்வாசி, 50 கிலோவாட். எக்ஸாஸ்ட்டில் இன்னும் 30. ஜாக்கெட்டுக்கு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், இன்ஜின் தெர்மோஸ்டாட்டுக்கு அப்புறம் வரும் லைனில். எக்ஸாஸ்ட்டில் ஃபின் டியூப், பேக் பிரஷர் இன்ஜின் கம்பெனி சொல்லும் அளவுக்குள், சுத்தம் செய்ய கதவோடு. டிஜி ஓடும் நேரமெல்லாம் 80 கிலோவாட் கிடைக்கும். 5 மணி நேரத்துக்கு 400, கிட்டத்தட்ட பாதி.

எண்ணூர்_பட்டறை:
ரொம்ப நன்றி. அப்போ மீதி 420க்கு சோலார் வைக்கலாமா?

வெப்பக்கணக்கு:
தாராளமாக வைக்கலாம். எவாகுவேட்டட் டியூப் கலெக்டர், குளிர்கால வெயிலில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 2.5 யூனிட் என்று எடுத்தால் 170 சதுர மீட்டர் வரும். எல்லாம் போட வேண்டாம், 80 சதுர மீட்டர் போட்டு மிச்சத்துக்குச் சின்ன பாய்லர் வையுங்கள். லூப்பில் 50 சதவீத புரொபிலீன் கிளைகால். கான்கிரீட் போடாத வெயில் நாளில் டியூப் 200 டிகிரி தாண்டும், கிளைகால் கெட்டு அமிலமாகும். அதனால் டிரெயின்-பேக் டேங்க் (பம்ப் நின்றதும் லூப் திரவம் வடிந்து சேரும் டேங்க்) அல்லது வெப்பத்தை வெளியே தள்ளும் ஃபின் காயில் கட்டாயம். டேங்கில் அடியில் குளிர்ந்தது, மேலே சூடானது என்று பிரிந்து நிற்க வேண்டும். இன்லெட்டில் டிஃப்யூசர் போடாமல் நேராக அடித்தால் எல்லாம் கலந்து வெதுவெதுப்பாகி, சோலார் பாதி நேரம் சும்மா நிற்கும். பாய்லருக்கு விண்டர் கிரேடு டீசல்தான், சாதா டீசல் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

கான்கிரீட்_கியூரிங்:
ஒன்று விட்டுப்போச்சு, அதைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. தண்ணி, ஜல்லி எல்லாவற்றையும் டீசலில் சூடாக்கினாலும் கன மீட்டருக்கு 2 லிட்டர், அதாவது 5.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. சைட்டில் குளிருக்குப் பயந்து 40 கிலோ சிமெண்ட் கூட்டினால் அதிலேயே 30 கிலோவுக்கு மேல் போய்விடும். பாய்லரில் மிச்சப்படுத்தியது ஒரே மிக்ஸ் டிசைனில் தொலையும்.

சீக்கிரம் வலு ஏற, கால்சியம் நைட்ரேட் போன்ற குளோரைடு இல்லாத ஆக்சிலரேட்டர் போடுங்கள். கால்சியம் குளோரைடு கம்பியை அரிக்கும். அத்திப்பட்டு அனல் மின் நிலையச் சாம்பலை (ஃபிளை ஆஷ்) சிமெண்டில் 30 சதவீதம் கலந்து பழகியவர்கள் அங்கே அதே விகிதத்தை மெல்லிய வார்ப்புக்குப் போட வேண்டாம். கனமான ராஃப்டுக்கு (அஸ்திவாரப் பலகம்) போடலாம், அது தானே சூடாகும்.

வார்த்த பிறகு 3.5 மெகாபாஸ்கல் வரும்வரை உறையக் கூடாது. பிளைவுட் ஷட்டர், மேலே இன்சுலேஷன் பிளாங்கெட், மூலையில் இரண்டு மடங்கு, ஏனென்றால் அங்கேதான் முதலில் உறையும். ஸ்டீல் ஷட்டர் என்றால் வெளியே ஃபோம் ஒட்ட வேண்டும். கூடாரத்துக்குள் புகைபோக்கி இல்லாத சலமாண்டர் அடுப்பு (சைட்டில் சூடேற்றும் எண்ணெய் அடுப்பு) எரித்தால் அந்த வாயு பச்சைக் கான்கிரீட் மேல்பரப்பைத் தாக்கி மாவாக உதிர வைக்கும். கார்பன் மோனாக்சைடு உள்ளே நிற்கும் ஆள் உயிரையே எடுக்கும். சூடு தேவைப்பட்டால் உங்கள் டேங்கிலிருந்தே தண்ணி ஹோஸ் இழுத்து பிளாங்கெட்டுக்கு அடியில் ஓடவிடுங்கள். அதற்கு டேங்கில் ஒரு 40 மி.மீ. நாசில் இப்போதே விட்டுவையுங்கள், அங்கே போய் வெட்டி வெல்டு செய்வது கஷ்டம்.